ஊர்ப் பெயருக்கு ஒரு சட்டம்: பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களின் கதை

டுரியான் காலம் வந்துவிட்டால் பினாங்குச் சாலையோரங்களில் ஒரே பெயர்தான் காதில் விழும். "பாலிக் பூலாவ் பழம்!" என்று வியாபாரி சொல்லிவிட்டால் போதும், வாங்குகிறவர் இன்னும் நாலு வெள்ளி கூடுதலாகக் கொடுக்கத் தயங்குவதில்லை. அந்தப் பழம் உண்மையிலேயே பாலிக் பூலாவ் மலைச்சரிவில் விழுந்ததா, அல்லது கடல் தாண்டிக் கெடாவிலிருந்து லாரி ஏறி வந்ததா? அதை யார் கண்டார்! பழத்துக்கு விலை, அதன் ஊர்ப் பெயருக்கும் தனியாக ஒரு விலை. இது நமக்கெல்லாம் தெரிந்த கதைதான்.

இந்த ஊர்ப் பெயர் விஷயத்தில் உலகத்துக்கே வாத்தியார்கள் பிரெஞ்சுக்காரர்கள். போர்தோ, பர்கண்டி, ஷாம்பேன், கோன்யாக் என்று பெரிய கடைகளின் கண்ணாடி அலமாரிகளில் வரிசையாக நிற்கும் புட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். இவையெல்லாம் மதுவின் பெயர்கள் என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. எல்லாம் ஊர்களின், வட்டாரங்களின் பெயர்கள். ஷாம்பேன் என்பது பாரிஸ் நகரத்துக்குக் கிழக்கே உள்ள ஒரு வட்டாரம். அங்கே விளைந்த திராட்சையிலிருந்து, அங்கே உள்ள முறைப்படி செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர். பக்கத்து மாவட்டத்துக்காரன் அதே கொடியை நட்டு, அதே மாதிரி செய்தாலும் அந்தப் பெயரைப் போட முடியாது. போட்டால் வழக்கு!

மதுவைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று தாய்மார்கள் முகம் சுளிக்கக்கூடும். நியாயமே. கள்ளுக்கடை நம் லயங்களில் எத்தனை அடுப்புகளை அணைத்தது என்பதை அறியாதவர்கள் அல்லர் நாம். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, சம்பளத்தைக் கூட்டு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழி என்பவற்றோடு, கள்ளுக்கடையை மூடு என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். 1947-இல் கெடாவில், பீடோங் வட்டாரத்தில், தொண்டர் படையினர் கள்ளுக்கடை முன் மறியல் செய்து போலீசாரோடு மோத நேர்ந்தது. இப்படிப்பட்ட வரலாறு உள்ள நாம் குடியைப் புகழ்ந்து ஒரு வரியும் எழுதத் தேவையில்லை. ஆனால் திராட்சைத் தோட்டமும் ஒரு தோட்டம்தானே! அங்கேயும் நிரை பிடித்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எடை போட்டுக் கூலி உண்டு. விலை விழுந்தால் பட்டினி உண்டு. அந்தத் தோட்டக்காரர்களின் கதையைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

முதலில் செய்முறை. தென்னம்பாளையைச் சீவி இறக்கிய சாறு காலையில் இனிக்கும், பொழுது ஏற ஏறப் புளித்துப் பொங்கிக் கள்ளாகிவிடும். திராட்சைச் சாறும் அப்படித்தான். பழத்தை நசுக்கித் தொட்டியில் விட்டால் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று அதைச் சாராயச் சத்தாக மாற்றிவிடுகின்றன. அதுதான் ஒயின். கறுப்புத் திராட்சையாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சாற்றுக்குப் பெரும்பாலும் நிறம் கிடையாது. தோலோடு ஊற விட்டால் சிவப்பு ஒயின். தோலை நீக்கிச் சாற்றை மட்டும் எடுத்தால் வெள்ளை ஒயின். ஷாம்பேனில் பெரும்பகுதி கறுப்புத் திராட்சையிலிருந்துதான் வருகிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியைவிட மண்ணைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். சரளைக்கல், சுண்ணாம்பு, களிமண், சரிவில் வெயில் விழும் பக்கம் என்று ஒவ்வொன்றும் பழத்தில் தெரியும் என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. ஒரே ரப்பர் ரகத்தை மேட்டிலும் பள்ளத்திலும் நட்டால் பால் ஒரே மாதிரி வருவதில்லை என்பதைக் கண்டவர்களுக்கு இது வியப்பாக இராது.

தென்மேற்கில், அட்லாண்டிக் கடலுக்குப் பக்கத்தில் உள்ள துறைமுக நகரம் போர்தோ. காரோன், டோர்டோன் என்ற இரண்டு ஆறுகள் அருகே கலக்கின்றன. சரளைக்கல் பக்கத்தில் கபர்னே சாவிஞோன் என்ற ரகமும், களிமண் பக்கத்தில் மெர்லோ என்ற ரகமும் நன்றாக வருகின்றன. இங்கே பெரிய தோட்டங்களுக்கு 'ஷாத்தோ' என்று பெயர். கோட்டை, மாளிகை என்று பொருள். நம் தோட்டங்களில் மேட்டு மேல் துரை பங்களா நிற்குமே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. 1855-ஆம் ஆண்டு பாரிசில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, எந்தத் தோட்டத்துச் சரக்கு என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, தரகர்கள் அந்தப் பெரிய தோட்டங்களை ஐந்து வகுப்பாகப் பிரித்தார்கள். அந்தப் பட்டியல் இன்றும் அப்படியே நிற்கிறது. முதல் வகுப்புக்கு ஏறிய தோட்டம் ஒன்றே ஒன்று, அதுவும் 1973-இல்!

கிழக்கே உள்ள பர்கண்டியில் இதற்கு நேர்மாறு. அங்கே நிலமெல்லாம் துண்டு துண்டு. துறவிகள் மதில் கட்டி வளர்த்த குளோ த வூஜோ என்ற தோட்டம் சுமார் 50 ஹெக்டர்தான். இன்று அதற்கு ஏறத்தாழ 80 உடைமையாளர்கள். 1789 புரட்சிக்குப் பிறகு மடங்களின் நிலம் ஏலம் போனதும், பிள்ளைகளுக்குச் சமபங்கு என்ற சட்டம் வந்ததும் இதற்குக் காரணங்கள். ஒரு குடும்பத்துக்கு நாலு நிரை, அடுத்த குடும்பத்துக்கு ஆறு நிரை. அந்த நாலு நிரைக்காரரும் தம் புட்டியில் தோட்டத்தின் பெயரைப் போட்டுக்கொள்கிறார் என்பதுதான் விசேஷம்.

ஷாம்பேனில் 'வெவ்' என்று தொடங்கும் பெயரை நீங்கள் பார்த்திருக்கலாம். பிரெஞ்சு மொழியில் அதற்கு 'விதவை' என்று பொருள். 1805-இல் கணவர் இறந்தபோது திருமதி கிளிக்கோவுக்கு வயது 27. வியாபாரத்தை மூடிவிட்டு வீட்டில் இரு என்று ஊர் சொல்லும் காலம். அவர் மூடவில்லை. புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நுரைக்க விடும்போது அடியில் தங்கும் வண்டலை எப்படி வெளியேற்றுவது என்பது அப்போது பெரிய தலைவலி. துளையிட்ட பலகையில் புட்டிகளைத் தலைகீழாகச் சாய்த்து, தினமும் சிறிது திருப்பி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவரும் முறை அவருடைய பண்டகசாலையில்தான் உருவானது. விதவை என்ற சொல்லைப் புட்டியின் நெற்றியில் எழுதி உலகமெல்லாம் விற்றவர் அவர்!

தெற்கே ரோன் பள்ளத்தாக்கு, மேற்கே லுவார் ஆற்றங்கரை, ஜெர்மன் எல்லையில் அல்சாஸ் என்று இன்னும் எத்தனையோ வட்டாரங்கள் உண்டு. எல்லாவற்றையும் சொல்ல இடம் போதாது. நம்மோடு தொடர்புள்ள ஒரு வட்டாரத்துக்கு வருவோம்.

கோன்யாக் நாட்டிலிருந்து வந்த துரை

பினாங்குக்குப் பிரெஞ்சுக்காரர் புதியவரல்லர். 1852-இல் வந்த பிரெஞ்சுக் கன்னியர் தொடங்கிய லைட் ஸ்ட்ரீட் பெண்கள் பள்ளியை அறியாதவர் யார்? ஆனால் தோட்டப் பாட்டாளிகளின் வாழ்க்கையை மாற்றிய பிரெஞ்சுக்காரர் வேறொருவர். அவர் பெயர் ஆன்ரி ஃபொக்கோனியே. பிரான்சின் ஷராந்த் மாவட்டத்தில் பார்பெசியே என்ற சிற்றூரில் 1879-இல் பிறந்தவர். கோன்யாக் என்ற பிராந்தி அந்தப் பகுதியின் சொத்து. வெள்ளைத் திராட்சை ஒயினைச் செம்புப் பானையில் இரண்டு முறை காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது இரண்டு ஆண்டு ஊற வைப்பார்கள். ஃபொக்கோனியேயின் தகப்பனாரும் கோன்யாக் தொழிலில் இருந்தவர்தான்.

(பிள்ளை பெற்றவளுக்குச் 'சூடு' என்று பிராந்தி கொடுக்கும் பழக்கம் நம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தாய் குடித்தது பாலில் கலந்து பச்சைக் குழந்தைக்கும் போகும். கோன்யாக்காரன் பீப்பாயில் செய்து வைத்தது மருந்தல்ல, பாட்டிமார் மன்னிக்க வேண்டும்.)

அந்தத் தொழில் நாட்டை விட்டு 1905-இல் மலாயாவுக்கு வந்த ஃபொக்கோனியே, சிலாங்கூரில் ரப்பர்த் தோட்டம் போட்டார். 1917-இல் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனையை வியாபார நோக்கில் நட்டார். இந்நாட்டில் அதுவே முதல் செம்பனைத் தோட்டம் என்று வரலாறு குறிக்கிறது. இன்று 50 லட்சம் ஹெக்டருக்கு மேல் பரவி நிற்கும் செம்பனை அங்கிருந்துதான் தொடங்கிற்று. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம்! நம்மவர் வாயில் பிறந்த சொல் என்பது கேட்ட மாத்திரத்தில் தெரிகிறது. பிறகு ஃபொக்கோனியே தம் தோட்ட வாழ்க்கையை வைத்து 'மலேசி' என்ற நாவலை எழுதினார். 1930-இல் பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசான கோன்கூர் அதற்குக் கிடைத்தது. தமிழர்களும் மலாய்க்காரர்களும் அந்தப் புத்தகத்தில் நடமாடுகிறார்கள். மரத்துக்கும் புத்தகத்துக்கும் அவர் பெயர் நிலைத்தது. காட்டை வெட்டிக் கன்று நட்ட கைகளில் ஒன்றின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

வேரைத் தின்ற பூச்சி

ஃபொக்கோனியே பிறந்த ஆண்டுகளில் அவருடைய மாவட்டத்துத் திராட்சைத் தோட்டங்கள் செத்துக்கொண்டிருந்தன. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கொடிகளோடு ஃபிலாக்செரா என்ற நுண்ணிய பூச்சி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. 1863-இல் தென் பிரான்சில் முதலில் கண்டார்கள். அது வேரை உறிஞ்சும், இலை மஞ்சளாகும், மூன்றாம் ஆண்டில் கொடி காய்ந்த சுள்ளியாகிவிடும். மருந்து அடித்தார்கள், வயலைத் தண்ணீரில் மூழ்கடித்தார்கள். பயன் மிகக் குறைவு. ஊர் ஊராகத் தோட்டங்கள் அழிந்தன.

கடைசியில் மருந்து எங்கே கிடைத்தது தெரியுமா? நோய் வந்த இடத்திலேயே. அமெரிக்கக் கொடியின் வேர் அந்தப் பூச்சியைத் தாங்கும். ஆகவே அமெரிக்க வேரின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். நம் ரப்பர் நாற்றங்காலில் கண்ணொட்டுக் கட்டிப் பழகிய கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கீழே ஒரு மரம், மேலே ஒரு மரம். இன்று பிரான்சின் பெருமைமிக்க கொடிகளில் மிகப் பெரும்பாலானவை அமெரிக்க வேரில்தான் நிற்கின்றன. மண்ணின் பெருமை பேசுகிறவர்கள் இதை மட்டும் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வார்கள்!

கொடி பிழைத்தது, கொடிக்காரன் பிழைக்கவில்லை. பஞ்ச காலத்தில் சரக்குக் கிடைக்காத வியாபாரிகள், உலர்ந்த திராட்சையை ஊற வைத்தும், சர்க்கரையும் தண்ணீரும் கலந்தும் போலி ஒயின் செய்யப் பழகிவிட்டார்கள். புதிய கொடிகள் காய்த்து உண்மைச் சரக்கு பெருகியபோதும் போலி நிற்கவில்லை. தெற்கே லாங்குடோக் சமவெளியில், ஊரெல்லாம் ஒயினை நம்பியே வாழ்ந்த இடத்தில், விலை தரையில் விழுந்தது. விற்ற காசு பீப்பாய்க்கும் காணவில்லை. கூலி வெட்டப்பட்டது. கடன்காரன் வாசலில் நின்றான்.

1907-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் அர்ஷெலியே என்ற கிராமத்திலிருந்து 87 பேர் கிளம்பினார்கள். அவர்களுக்குத் தலைவர் மார்செலின் அல்பேர். சொந்தமாகக் கொஞ்சம் கொடி வைத்திருந்தவர், காப்பிக்கடைக்காரர். மரத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு பேசுவார் என்பதற்காகவே கூட்டம் கூடுமாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நகரத்தில் கூடுவது என்று முடிவு செய்தார்கள். வாரத்துக்கு வாரம் கூட்டம் பெருகியது. சிறு நிலக்காரரும் கூலிக்காரரும், ஊர்த் தலைவரும் கடைக்காரரும் ஒன்றாக நடந்தார்கள். ஜூன் 9-ஆம் நாள் மோன்பெலியே நகரத்தில் கூடியவர்கள் 5 லட்சம் பேர் என்று கணக்கிடுகிறார்கள். வரி கட்ட மறுத்தார்கள். நூற்றுக்கணக்கான ஊர்த் தலைவர்கள் பதவி விலகினார்கள்.

பிரதமர் கிளெமான்சோ பட்டாளத்தை அனுப்பினார். ஜூன் 19, 20 ஆகிய இரு நாட்களில் நார்போன் நகரத்தில் துப்பாக்கிச் சூடு. ஆறு பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருத்தி இருபது வயதுப் பெண். செய்தி பரவியதும் நடந்ததுதான் அரசாங்கத்தை உலுக்கியது. 17-ஆம் காலாட்படையில் இருந்த பையன்கள் பெரும்பாலோர் அந்தச் சுற்றுவட்டாரத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள். "நாளை நம் தாய் தகப்பன் மேல் சுடச் சொல்வார்கள்" என்ற அச்சம் அவர்களுக்கு. சுமார் 500 பேர் துப்பாக்கியோடு முகாமை விட்டு வெளியேறி, இரவோடு இரவாக நடந்து பெசியே நகரத்துக்கு வந்து, மக்களோடு உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு அவர்களைத் தூர துனீசியாவுக்கு அனுப்பினார்கள்.

அல்பேரின் கதை பரிதாபமானது. தனியாகப் பாரிசுக்குப் போய்ப் பிரதமரைச் சந்தித்தார். ஊர் திரும்ப ரயில் செலவுக்கு என்று கிளெமான்சோ 100 பிராங்க் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார். பிரதமர் அதைப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். விலை போய்விட்டான் என்று சொந்த ஜனங்களே அவரைத் தூற்றினார்கள். 1921-இல் வறுமையில் செத்தார். கைநீட்டி வாங்கும் நூறு வெள்ளி ஒரு தலைவனை என்ன செய்துவிடும் என்பதை நம் தோட்டத்துத் தலைவர்களும் கண்டதுண்டு.

ஆனால் போராட்டம் வீண் போகவில்லை. அதே ஆண்டு ஜூன் 29-இல் போலி ஒயினைத் தடுக்கச் சட்டம் வந்தது. 1911-இல் ஷாம்பேனில் அடுத்த கலவரம். வெளியூர்த் திராட்சையை மலிவாக வாங்கி வந்து ஷாம்பேன் பெயரில் விற்ற வியாபாரிகளின் கிடங்குகளை உடைத்து, ஒயினைத் தெருவில் ஓட விட்டார்கள் தோட்டக்காரர்கள். பாலிக் பூலாவ் பழக் கதைதான், இரத்தத்தோடு! இவை எல்லாம் சேர்ந்துதான் 1935-இல் ஊர்ப் பெயர்ச் சட்டமாக முடிந்தன. எந்த எல்லைக்குள் விளைய வேண்டும், என்ன ரகம், ஹெக்டருக்கு எவ்வளவுக்கு மேல் எடுக்கக்கூடாது, கொடியை எப்படிக் கத்தரிக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஊருக்கும் விதி. இன்று 300-க்கும் மேற்பட்ட ஒயின் ஊர்ப் பெயர்களுக்கு அந்தக் காவல் இருக்கிறது.

இந்தச் சட்டத்தின் பிள்ளைகள் இப்போது நம் பக்கமும் வந்துவிட்டன. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு வந்த சட்டத்தால் சரவாக் மிளகும் சபா தேயிலையும் பதிவாயின. இந்தியாவில் முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. பிறகு மதுரை மல்லிகை, பழனிப் பஞ்சாமிர்தம். 2023-இல் தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் அந்தப் பதிவு கிடைத்தது. அதைத் தமிழ்நாட்டுக்கு 1832-இல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்கிறார்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பள்ளத்தாக்கு அது. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி தூங்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் தோட்டக்காரர் கத்தரிக்கிற நாளைப் பொறுத்துக் கொடி விழித்துக்கொள்ளும். ஆண்டு முழுவதும் எங்கேயாவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். பெரும்பகுதி சாப்பிடும் பழமாகவே விற்கிறது. ஒயினுக்கும் சாற்றுக்கும் ஏற்றதுதான். பினாங்கில் ஏன் வருவதில்லை என்று கேட்காதீர்கள். நம் மழைக்கும் புழுக்கத்துக்கும் இலையில் பூஞ்சைதான் முதல் அறுவடை.

சரி, பெயரைக் காத்தாயிற்று. பறிக்கிறவர்?

ஷாம்பேன் விதிப்படி திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும், இயந்திரம் கூடாது. கொத்து நசுங்காமல் முழுதாக ஆலைக்கு வர வேண்டும். அதனால் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சில வாரங்களுக்கு அங்கே வந்து சேருகிறார்கள். குனிந்தபடி நிரை நிரையாக வெட்டும் வேலை. கிலோ கணக்கில் கூலி பேசுகிற இடங்களும் உண்டு. ஒரு காலத்தில் ஸ்பெயினிலிருந்து வந்தார்கள். பிறகு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து, ஆப்பிரிக்காவிலிருந்து. இடையில் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டுகள். கங்காணி என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும்.

2023-ஆம் ஆண்டு அறுவடை கடும் வெயிலில் நடந்தது. தோட்டங்களில் சிலர் வேலை செய்யும்போதே சுருண்டு விழுந்து இறந்தார்கள். அதே பருவத்தில், மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த 50-க்கும் மேற்பட்ட கூலிகளை ஒரு பாழடைந்த வீட்டில் அடைத்து வைத்திருந்ததை அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். சுகாதாரமான கழிப்பறை இல்லை, மின்சாரம் ஆபத்தான நிலையில், சாப்பாடு அரைகுறை. விடியும் முன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தோட்டத்தில் விடுவார்கள். வழக்கு நடந்து, 2025 ஜூலையில் ஆள் கடத்தல் குற்றத்துக்காக மூன்று பேருக்குத் தண்டனை விதித்தது நீதிமன்றம்.

அந்த வட்டாரத்துத் தொழிற்சங்கம் அப்போது ஒரு கோரிக்கை வைத்தது. எல்லைக்கு வெளியே விளைந்த திராட்சைக்கு ஷாம்பேன் பெயர் கிடையாது என்கிறீர்களே, இப்படி ஆட்களை வதைத்துப் பறித்த திராட்சைக்கும் அந்தப் பெயரைக் கொடுக்காதீர்கள் என்றது. கொடியின் ரகத்தையும் கத்தரிக்கும் விதத்தையும் எழுதி வைத்திருக்கிற அதே விதிப் புத்தகத்தில், பறிக்கிறவர் படுக்கும் இடத்தையும் எழுதுங்கள் என்பது அவர்கள் கேட்பது.